ஃபவுண்டன் என்றால் நீரூற்று மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில-தமிழ் அகராதிகளில் ஃபவுண்டன் என்ற சொல்லுக்கு எதிரே பெரும்பாலும் ‘நீரூற்று’ என்றுதான் போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி மொழிபெயர்க்க உட்கார்ந்தால் சீக்கிரமே முட்டுச்சந்துக்கு வந்துவிடுவோம். மலையடிவாரத்தில் கசியும் தண்ணீருக்கும் இந்தச் சொல், பூங்காவில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கும் இந்தச் சொல், எரிமலை கக்கும் நெருப்புக் குழம்புக்கும் இதே சொல். சட்டைப்பையில் செருகும் பேனாவையும் இது விட்டுவைக்கவில்லை. மொழிபெயர்ப்பே தொழில் என்பதால் இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம். அதன் மேல் நிறையப் பிரியமும் உண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘ஃபோன்ஸ்’ என்றால் நிலத்திலிருந்து தானாகச் சுரக்கும் ஊற்று. அதிலிருந்து ‘ஃபொன்தானா’, பழைய பிரெஞ்சில் ‘ஃபொந்தேன்’, கடைசியில் ஆங்கிலத்தில் ஃபவுண்டன். ரோமானியர்களுக்கு ஊற்றுகளுக்கென்றே ஃபோன்ஸ் என்ற தெய்வம் இருந்தது. அக்டோபர் 13 அன்று அதற்குத் திருவிழா. கிணறுகளுக்கு மாலை சூட்டுவார்கள், ஊற்றுகளில் பூப்போடுவார்கள்.

ஆக, முதலில் இந்தச் சொல்லில் குழாயும் இல்லை, பளிங்குச் சிலையும் இல்லை. மனிதக் கை படாமல் தண்ணீர் வெளிப்படும் இடம், அவ்வளவுதான். பிறகு அந்த ஊற்றைச் சுற்றித் தொட்டி கட்டினார்கள். கால்வாய் அமைத்து நகரத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். வந்த தண்ணீர் கொட்டும் இடத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. காலப்போக்கில் இயற்கை ஊற்று என்ற பழைய பொருளை ஆங்கிலத்தில் ‘ஸ்ப்ரிங்’ என்ற சொல் எடுத்துக்கொண்டது. ஃபவுண்டன் என்றதும் இன்று கண்முன் வருவது பீய்ச்சி எழும் தண்ணீர்தான். ஐரோப்பியக் குடும்பப் பெயர்களில் மட்டும் பழைய பொருள் அப்படியே தங்கியிருக்கிறது. ஃபொன்தானா, ஃபொந்தேன், ஸ்பானிய ஃபுவென்தெஸ் எல்லாமே ஊற்றிலிருந்து வந்த பெயர்கள்.

தமிழில் ‘ஊற்று’ என்று போட்டால் போதாதா?

பாதி இடங்களில் போதும். மீதி இடங்களில் தப்பாகிவிடும். ஏன் என்று புரிய, வறண்ட ஆற்றில் இறங்கி மணலைக் கையால் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். முதலில் மணலின் நிறம் கருக்கும். அப்புறம் குழியின் அடியில் பளபளப்பு தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்தால் பக்கவாட்டு மணல் மெல்லச் சரிந்து, கலங்கலாக உள்ளங்கையளவு தண்ணீர் நிற்கும். அதை இறைத்து ஊற்றினால் அடுத்து வருவது தெளிந்து வரும். இதுதான் ஊறுதல். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்று குறள் சொல்வது இதைத்தான்: தோண்டத் தோண்ட ஊறும்.

ஊறு என்ற வினையிலிருந்து வந்தது ஊற்று. நாவில் எச்சில் ஊறுவதும் கிணற்றில் தண்ணீர் ஊறுவதும் ஒரே வினைதான். இதில் வேகமில்லை, சத்தமில்லை, உயரமும் இல்லை. மெல்ல வருவது, ஆனால் வந்துகொண்டே இருப்பது. அதனால்தான் இருபது ஆள் உயரத்துக்குச் சீறி எழும் தண்ணீரை ‘ஊற்று’ என்று எழுதும்போது காதில் ஏதோ உறுத்துகிறது. ‘நீரூற்று’, ‘செயற்கை நீரூற்று’ என்று சொல்லிச் சொல்லி அந்த உறுத்தலை ஓரளவு பழக்கப்படுத்திக்கொண்டோம். பேச்சில் எல்லோரும் ‘ஃபவுண்டன்’ என்றே சொல்வதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இதில் கவனமாக இருந்திருக்கிறார்கள். நோவா காலத்து வெள்ளத்தைச் சொல்லும் இடத்தில் ஆங்கில விவிலியம் ஆழத்தின் ‘ஃபவுண்டன்கள்’ உடைந்தன என்கிறது. தமிழ் விவிலியத்தில் அது ‘ஊற்றுக்கண்கள்’ ஆகிறது. கண் என்ற சிறு துளை பிளந்துகொண்டது என்றதும் வெள்ளத்தின் பயங்கரம் வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்புகளில் இது ஒன்று.

அப்படியானால் எந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

எனக்கு உதவும் வழி இது. வாக்கியத்தில் ஃபவுண்டன் வந்தால் மூன்றில் எது என்று பார்க்கிறேன். ஏதோ ஒன்று பிறக்கும் இடமா? ஊற்று, ஊற்றுக்கண், சுனை, மூலம் ஆகியவற்றில் ஒன்று பொருந்தும். ஏதோ ஒன்று அழுத்தத்தால் மேலே பாய்வதா? நீர்த்தாரை, பீச்சு, நீரூற்று என்று போகலாம். ஏதோ ஒன்றைத் தேக்கிவைத்து வேண்டும்போது தருவதா? அப்போது தொட்டி, தேக்கம் என்ற பக்கம் போக வேண்டும். பேனா இந்த மூன்றாவது வகையில் வருகிறது. ஊற்றை நினைத்துக்கொண்டு பேனாவை விளக்கப் போகிறவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

மின்மோட்டார் இல்லாத காலத்தில் நீரூற்றுகள் எப்படி ஓடின?

உயரத்தை வைத்துத்தான். மேட்டில் தேக்கிய தண்ணீரைக் குழாய் வழியே பள்ளத்துக்கு விட்டு, குழாயின் வாயை மேல்நோக்கித் திருப்பி வைத்தால் தண்ணீர் தன் பழைய மட்டத்தைத் தேடி எழும்பும். உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் உயரம் இழக்குமே தவிர, தத்துவம் இவ்வளவுதான்.

இத்தாலியின் திவோலியில் 16ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட வில்லா தெஸ்தே தோட்டத்துக்கு அனியேனே ஆற்றுத் தண்ணீர் வந்தது. அங்கே நூற்றுக்கணக்கான தாரைகள் பம்பு இல்லாமலே ஓடின; தண்ணீரின் வேகத்தில் இசைக்கும் ஆர்கன் கருவியும் உண்டு. ரஷ்யாவின் பீட்டர்ஹாஃப் அரண்மனையிலும் அப்படியே. சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மேட்டுநிலத்து ஊற்றுகளிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர், சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சாம்சன் சிலையில் 20 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் நிலைமை வேறு. அங்கே மேட்டில் தண்ணீர் இல்லை. 14ஆம் லூயி மன்னருக்காக சேன் ஆற்றில் 14 பெரிய நீர்ச்சக்கரங்களை நிறுத்தி, 200க்கும் மேற்பட்ட பம்புகளை இணைத்து, மார்லி எந்திரம் என்ற பிரம்மாண்டமான அமைப்பை 1684இல் முடித்தார்கள். அப்படியும் எல்லா ஊற்றுகளையும் ஒரே நேரத்தில் ஓட்டத் தண்ணீர் போதவில்லை. மன்னர் நடந்து வரும்போது தோட்டப் பணியாளர்கள் விசில் அடித்து ஒருவருக்கொருவர் தகவல் சொல்வார்கள். அவர் முன்னால் உள்ள ஊற்று திறக்கும், கடந்து போனதும் மூடப்படும். மன்னரின் கண்ணுக்கு எல்லாமே எப்போதும் ஓடிக்கொண்டிருந்தன.

ஹீரோ ஊற்று தானாக ஓடிக்கொண்டே இருக்குமா?

இருக்காது. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற பொறியாளரின் பெயரில் வழங்கும் கருவி இது. மேலே திறந்த தட்டு, நடுவிலும் அடியிலும் மூடிய பாத்திரங்கள். தட்டிலிருந்து ஒரு குழாயில் தண்ணீர் அடிப்பாத்திரத்துக்கு இறங்கும். அங்கிருந்த காற்று வேறு வழியில்லாமல் இன்னொரு குழாயில் ஏறி நடுப்பாத்திரத்துக்குப் போய், அங்குள்ள தண்ணீரை அழுத்தும். அழுத்தப்பட்ட தண்ணீர் தட்டுக்கு மேலே தாரையாக எழும். பார்ப்பவருக்குத் தட்டில் விழும் தண்ணீரே மறுபடி மேலே வருவதுபோல் தோன்றும். உண்மையில் நடுப்பாத்திரம் காலியானதும் நின்றுவிடும். மூன்று பிளாஸ்டிக் பாட்டிலும் உறிஞ்சுகுழாய்களும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். மூட்டுகளில் காற்றுக் கசியக் கூடாது, அது முக்கியம்.

உலகிலேயே உயரமான நீரூற்று எது?

சவூதி அரேபியாவின் ஜித்தாவில் உள்ள மன்னர் ஃபஹத் நீரூற்று. செங்கடலின் உப்புத் தண்ணீரை எடுத்து 260 மீட்டர் உயரத்துக்கு வீசுகிறது. 1985 முதல் ஓடுகிறது.

ஆனால் எனக்கு ஜெனீவாவின் ‘ஜெ தோ’ நீரூற்றின் மேல்தான் ஆசை, அதன் பிறப்புக் கதைக்காக. 1886இல் அந்த நகரத்துப் பட்டறைகளுக்கு அழுத்தமேற்றிய தண்ணீரைக் குழாயில் அனுப்பி இயந்திரங்களை ஓட்டினார்கள். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயை மூடிவிட்டுப் போனால் அழுத்தம் எகிறிவிடும். அதைத் தணிக்க ஒரு வால்வைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் 30 மீட்டர் உயரத்துக்குப் பாய்ந்தது. மக்கள் அதை வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். 1891இல் அதை ஏரிக்கரைக்கு மாற்றி அழகுக்காகவே ஓடவிட்டார்கள். 1951 முதல் அதற்கென்று தனிப் பம்பு நிலையம் இயங்குகிறது. இன்று நொடிக்கு 500 லிட்டர், 140 மீட்டர் உயரம்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 55.5 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. வேகத்தின் வர்க்கத்தை 19.6ஆல் (புவியீர்ப்பு முடுக்கமான 9.8இன் இரு மடங்கு) வகுத்தால் உயரம் கிடைக்கும்: சுமார் 157 மீட்டர். நிஜத்தில் எழுவது 140. மீதி 17 மீட்டரைக் காற்று தின்றுவிடுகிறது. ஜித்தாவில் வேகம் மணிக்கு 375 கிலோமீட்டர். கணக்குப்படி 550 மீட்டர் வரை போக வேண்டும், போவதோ 260 மீட்டர். வேகம் கூடக் கூடக் காற்று எப்படிப் பிடித்து இழுக்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

ரோமின் ட்ரெவி நீரூற்று ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஊற்று, கால்வாய், சிற்பம் மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் என்பேன். அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த அக்வா விர்கோ கால்வாயை கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டி முடித்தார். அதன் முடிவிடத்தில் கட்டடக்கலைஞர் நிக்கோலா சால்வி 1732இல் இன்றைய நீரூற்றைத் தொடங்கினார், 1751இல் இறந்துபோனார், பணி நிறைவேறியது 1762இல். பயணிகள் அதில் வீசும் காசுகளை எடுத்து கரிதாஸ் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள்.

நீரூற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

அலங்கார நீரூற்று என்றால் கூடாது. இன்றைய நீரூற்றுகள் பெரும்பாலும் ஒரே தண்ணீரைத்தான் பம்பில் சுற்றிச் சுற்றி ஓட்டுகின்றன. சரியாகப் பராமரிக்காத நீரூற்றின் சாரலைச் சுவாசித்தவர்களுக்கு லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் நுரையீரல் நோய் வந்ததும் உண்டு. தண்ணீர் வெதுவெதுப்பாக, வழவழப்போடு இருந்தால் குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

‘டிரிங்கிங் ஃபவுண்டன்’ வேறு. அது குடிப்பதற்கென்றே வைத்த பொதுக் குழாய். லண்டனில் 1854இல் காலரா பரவியபோது, ஒரு பொதுப் பம்பின் தண்ணீரே காரணம் என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் காட்டினார். சுத்தமான தண்ணீரை ஏழைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுத்தது. அங்கே முதல் இலவசக் குடிநீர் ஃபவுண்டன் 1859இல் ஒரு தேவாலய மதிலில் திறக்கப்பட்டது. பாரிஸில் 1872 முதல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் தன் சொந்தப் பணத்தில் நிறுவியவை, நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கி நிற்கும் பச்சை நிற இரும்பு ஃபவுண்டன்கள். இன்றும் அவற்றில் தண்ணீர் வருகிறது. ‘நீரூற்று’ என்று இதை மொழிபெயர்த்தால் வாசகர் சிலையையும் தாரையையும் கற்பனை செய்துகொள்வார். ‘பொதுக் குடிநீர்க் குழாய்’ என்று எழுதுங்கள்.

பேனாவுக்கு ஏன் ஃபவுண்டன் என்று பெயர்?

பறவை இறகால் எழுதிய காலத்தில் சில சொற்களுக்கு ஒருமுறை மைக்கூட்டில் தொட வேண்டும். மையைத் தனக்குள்ளேயே வைத்திருந்து, தொடாமலே தந்துகொண்டிருக்கும் பேனா வந்ததும் அதற்கு இந்தப் பெயர் வந்தது. கையில் கறை படாத, மை உள்ளேயே இருக்கும் பேனாவை 10ஆம் நூற்றாண்டிலேயே ஃபாத்திமிய கலீஃபா அல்-முயிஸ் செய்யச் சொன்னதாகப் பதிவு உண்டு. ருமேனியரான பெத்ராகே போயனாரு 1827இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். ஆனால் மை ஒன்று வராமல் அடம்பிடிக்கும், அல்லது பொலபொலவென்று கொட்டிவிடும். அதைச் சீர்செய்த வடிவத்துக்கு 1884இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றார்.

அவர் கண்டுகொண்டது காற்றின் பங்கை. இங்க் பேனா ஒன்றை எடுத்துக் கழற்றுங்கள். நிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் துண்டை, பலரும் நாக்கு என்று சொல்வார்களே, அதை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீளவாக்கில் முடி அகலத்துக்கு ஒரு கோடு ஓடும். மை நுண்துளை ஈர்ப்பால் அந்தக் கோடு வழியே நிப்பின் பிளவுக்கு வருகிறது. வெளியேறிய மையின் இடத்தை நிரப்பக் காற்று குமிழ் குமிழாக உள்ளே போகிறது. காற்று போகாவிட்டால் மை வராது. நாக்கின் பக்கங்களில் சீப்புப் பல் போல வரிசையாக வெட்டுகள் இருக்கும். கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும்போது, கூடுதல் மை தாளில் சிந்தாமல் அந்தப் பற்களுக்கிடையே தங்கிக்கொள்ளும். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது இத்தனை வேலை அதற்குள் நடந்ததா என்று எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கும்.

அச்சகத்தில் மை தேங்கும் தொட்டிக்கும் ஃபவுண்டன் என்றே பெயர். ஆஃப்செட் அச்சில் தகட்டை நனைக்கும் திரவத்துக்கு ‘ஃபவுண்டன் சொல்யூஷன்’ என்று பெயர். இவையெல்லாம் ‘தேக்கம்’ என்ற அந்த மூன்றாவது பொருளில் வருபவை.

எழுத்துரு என்ற பொருளில் வரும் ‘ஃபாண்ட்’ இதன் உறவா?

இல்லை. பலர் ஏமாறும் இடம் இது. எழுத்துருவைக் குறிக்கும் ஃபாண்ட், உருக்கி வார்ப்பது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஈய எழுத்துகளை வார்த்த காலத்துச் சொல். தேவாலயத்தில் ஞானஸ்நானத் தொட்டியைக் குறிக்கும் ‘ஃபாண்ட்’தான் ஊற்றின் வழி வந்தது.

எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியை மருத்துவர்கள் ‘ஃபான்டனெல்’ என்பார்கள். பிரெஞ்சில் அதற்குக் ‘குட்டி ஊற்று’ என்று பொருள். தூங்கும் குழந்தையின் தலையில் அந்த மெத்தென்ற இடம் மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மணலுக்கடியில் தண்ணீர் ஊறும்போது மேற்பரப்பு அசைவது அப்படித்தான் இருக்கும்.

கலை வரலாற்றில் ‘ஃபவுண்டன்’ என்று ஏதோ ஒரு கழிப்பறைப் பொருளைச் சொல்கிறார்களே?

ஆமாம். 1917இல் நியூயார்க்கில், கட்டணம் செலுத்திய எல்லோருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்த ஒரு கண்காட்சிக்கு, மார்செல் டூஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஆண்களுக்கான பீங்கான் சிறுநீர்த் தொட்டியைக் கிடத்திவைத்து, ‘ஆர். மட்’ என்று கையெழுத்திட்டு அனுப்பினார். ஏற்பாட்டாளர்கள் அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. அசல் தொலைந்துபோய்விட்டது, ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படமும் பின்னாளில் செய்த பிரதிகளும்தான் இருக்கின்றன. இந்தப் படைப்பில் பாதி வேலையைத் தலைப்பே செய்கிறது என்பது என் எண்ணம். திரவத்தை வாங்கிக்கொள்ளும் பொருளுக்கு, திரவத்தைத் தரும் பொருளின் பெயர். தமிழில் ‘ஊற்று’ என்று எழுதினால்தான் அந்தத் தலைகீழாக்கம் சரியாக விழும். ‘நீரூற்று’ என்றால் நீருக்குள் அடைபட்டுவிடும்.

இளமை தரும் ஊற்றைத் தேடித்தான் போன்ஸ் தெ லியோன் ஃப்ளோரிடாவுக்குப் போனாரா?

ஸ்பானியக் கடலோடியான அவர் 1513இல் ஃப்ளோரிடாவில் இறங்கியது உண்மை. இளமை ஊற்றைத் தேடிப் போனார் என்ற கதை அவர் இறந்த பிறகுதான் அவரோடு சேர்க்கப்பட்டது.

கணினித் துறையில் ‘ஃபவுண்டன் கோட்’ என்றால்?

அழகான உவமையிலிருந்து பிறந்த பெயர். தாரையின் அடியில் ஒரு வாளியைப் பிடிக்கிறீர்கள். எந்தத் துளி விழுந்தது, எந்தத் துளி தவறியது என்று கவலைப்படுவீர்களா? வாளி நிறைந்தால் போதும். அதேபோல, கணினிக் கோப்பு ஒன்றை ஆயிரம் துண்டுகளாக்கி, அவற்றைப் பலவிதமாகக் கலந்து கலந்து எல்லையில்லாமல் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். வாங்குபவர் எந்தத் துண்டுகளை வாங்கினாலும் சரி, ஆயிரத்துக்குச் சற்று அதிகமாகச் சேர்ந்துவிட்டால் கோப்பு முழுவதையும் மீட்டுவிடலாம். வழியில் தொலைந்தவற்றை ‘திரும்ப அனுப்பு’ என்று கேட்க வேண்டியதில்லை. கணினி அறிவியலாளர் மைக்கேல் லூபி 2002இல் வெளியிட்ட எல்டி குறியீடுகள் இதன் முதல் நடைமுறை வடிவம். அமீன் ஷோக்ரொல்லாஹியின் ராப்டர் குறியீடுகள் அடுத்த படி. பலருக்கு ஒரே நேரத்தில் ஒளிபரப்பும்போது இது பெரிய உதவி. ‘ஊற்றுக் குறியீடு’ என்று தயங்காமல் எழுதலாம். வற்றாமல் வருவதுதான் இங்கே முக்கியம், அந்த அர்த்தம் ஊற்றில் இருக்கிறது.

எரிமலை, வெந்நீர், பட்டாசு, சங்கிலி: இவற்றிலும் ஃபவுண்டன் உண்டாமே?

உண்டு. எரிமலைக் குழம்பு வாயுக்களின் அழுத்தத்தில் தாரையாக எழுந்தால் ‘லாவா ஃபவுண்டன்’. ஹவாயின் கிலவேயா இக்கியில் 1959இல் அது 580 மீட்டர் எழுந்தது. ‘எரிகுழம்புத் தாரை’ என்பேன். ஊற்று என்றால் வேகம் போய்விடும். வெந்நீர் விட்டுவிட்டுப் பீறிடுவது கெய்சர், அதை ஃபவுண்டனோடு குழப்ப வேண்டாம். பட்டாசில் ஃபவுண்டன் என்பது நம் புஸ்வாணம். சத்தமும் உருவமும் சேர்ந்த அற்புதமான சொல், அதை விட்டுவிட்டு ‘நெருப்பூற்று’ என்று எழுதுவது அநியாயம். மணிச்சங்கிலியைக் குவளையிலிருந்து இழுத்துவிட்டால் அது குவளைக்கு மேலே வளைந்தெழுந்து இறங்கும். அதற்கு ‘செயின் ஃபவுண்டன்’ என்று பெயர். 2013இல் அறிவியல் காணொளிகள் எடுக்கும் ஸ்டீவ் மௌல்டின் காணொளியால் பரவலானது.

ஃபவுண்டன்ஹெட் என்பதற்கு எது சரி?

‘ஊற்றுத்தலை’ என்று சொல்லுக்குச் சொல் வைக்காதீர்கள். நமக்கு ஊற்றுக்குத் தலை கிடையாது, கண்தான் உண்டு. ஆற்றைப் பற்றிய பேச்சு என்றால் பிறப்பிடம். பாடங்களையும் பிரதிகளையும் பற்றியது என்றால் மூலம். ஒரு சிந்தனை அல்லது ஒரு மனிதரிடமிருந்து மற்றதெல்லாம் கிளைத்தது என்று சொல்ல வந்தால், ஊற்றுக்கண்.